கல்லைக் காப்பதும் கல்லைப் படிப்பதும்: ஜவ்வாதுமலை அடிவாரமும் இரா. நாகசாமியின் தொல்லியல் பணியும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், ஜவ்வாதுமலையின் வடகிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது கண்ணமங்கலம். ஒரு பேரூராட்சி, காட்பாடி–விழுப்புரம் இருப்புப்பாதையில் ஒரு நிலையம், அருகில் நாகநதி, மேற்கே காடு. இவ்வூரை நடுவில் வைத்துச் சுற்றிவந்தால் தமிழக வரலாற்றின் பல அடுக்குகள் அடுத்தடுத்து எதிர்ப்படும். சந்தவாசலைத் தாண்டினால் சம்புவராயர்களின் தலைநகராயிருந்த படவேடு. போளூருக்கு அருகில், முதலாம் இராசேந்திரனின் வடநாட்டுப் படையெடுப்பைச் சொல்லும் கல்வெட்டுள்ள திருமலைச் சமணக் குன்று. வடக்கே வேலூர்க் கோட்டையும் விரிஞ்சிபுரம் கோயிலும். மலைக்கு அந்தப்புறம் நடுகற்களுக்குப் பெயர்பெற்ற ஆம்பூர். மலையின் தென்புறத்தில், சேயாற்றங்கரையில், சங்க காலத்து நன்னனின் செங்கம். மலையின் மேலேயும் பழமைக்குக் குறைவில்லை. பெருங்கற்காலக் கற்திட்டைகள் அங்கே நிற்கின்றன. புதிய கற்கால மக்கள் தேய்த்து மழமழப்பாக்கிய கற்கோடரிகளை மரத்தடியில் சாமியாக வைத்து மலைவாழ் மக்கள் இன்றும் கும்பிடுகிறார்கள்.

இத்தனைக்கும் காவல் யார் என்று கேட்டால் ஒரே விடை கிடைக்காது. காட்டுக்கு வனச்சரகர், அவருக்குக் கீழே வனவர், வனக்காப்பாளர். வேலூர்க் கோட்டைக்கு மத்தியத் தொல்லியல் துறை. அத்துறையின் பட்டியலில் இல்லாத சில சின்னங்களுக்கு மாநிலத் தொல்லியல் துறை. வழிபாட்டிலுள்ள பெரும்பாலான கோயில்களுக்கு இந்து சமய அறநிலையத் துறை. ஏரிக்கரையிலும் பட்டா நிலத்திலும் புதர் மறைவிலும் நிற்கும் நடுகல்லுக்கு, பெரும்பாலும், அந்த ஊர் மக்களின் பக்தி மட்டுமே காவல். சந்தனக்கட்டை கடத்தலைத் தடுப்பதையே நெடுங்காலம் பெரிய வேலையாகக் கொண்டிருந்த வனத்துறைக்கு, அதே காட்டிலுள்ள கற்திட்டையின் வயதை அறிய வேண்டிய கட்டாயம் எக்காலத்திலும் இருந்ததில்லை. கல்வெட்டு படிக்கத் தெரிந்தவருக்கோ அந்தக் கல்லை இரவில் பெயர்த்துச் செல்பவரைத் தடுக்கும் அதிகாரம் இல்லை.

அமெரிக்காவில் இவ்விரு வேலைகளும் ஒரே அமைப்பில் சேர்ந்தன. 1916-இல் உருவான தேசியப் பூங்காப் பணித்துறை, 1933-க்குப் பிறகு போர்க்களங்களையும் வரலாற்றுச் சின்னங்களையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அங்கே சீருடை அணிந்த காவலரும் வரலாற்று ஆய்வாளரும் ஒரே இடத்தில், ஒரே மேலதிகாரியின் கீழ் வேலை செய்கிறார்கள். சில இடங்களில் இருவரும் ஒருவரே. எட்வின் பேர்ஸ் இதற்குச் சிறந்த சான்று. இரண்டாம் உலகப் போரில் கடுமையாகக் காயம்பட்டுத் திரும்பிய அவர், 1955-இல் விக்ஸ்பர்க் போர்க்களப் பூங்காவில் வரலாற்றாளராகச் சேர்ந்தார். 1862-இல் யாசூ ஆற்றில் மூழ்கிய ‘கைரோ’ என்ற போர்க்கப்பலைப் பழைய ஆவணங்களையும் வரைபடங்களையும் கொண்டு தேடி, 1956-இல் இரு துணைவர்களோடு இடம் கண்டுபிடித்தார். 1981 முதல் 1994 வரை அத்துறையின் தலைமை வரலாற்றாளராக இருந்தார். போர்க்களத்தைக் கால்நடையாகச் சுற்றிக்காட்டி விளக்குவதை முதுமையிலும் அவர் நிறுத்தவில்லை. காவலர், ஆய்வாளர், வழிகாட்டி என்ற மூன்று வேலைகளும் அவரிடம் ஒன்றாக இருந்தன.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு பதவி ஏற்படவில்லை. ஆனால் அந்த மூன்று வேலைகளையும் தம் பதவிக்குள் கொண்டுவந்த ஒருவர் இருந்தார். மாநிலத் தொல்லியல் துறையின் முதல் இயக்குநர் இரா. நாகசாமி. அவருடைய பணியின் மிக முக்கியமான பகுதிகளில் ஒன்று இந்த ஜவ்வாதுமலை அடிவாரத்தில்தான் நடந்தது.

அவருக்கு முன்பே இப்பகுதியின் கற்கள் படிக்கப்படாமல் இருந்தன என்று சொல்ல முடியாது. 1886-இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்த்தப்பட்ட ஜெர்மானியர் யூஜென் ஹுல்ட்ஸ், 1890-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இந்த வட்டாரத்துக்குக் கணிசமான இடம் தந்தார். படவேடு அம்மையப்பேசுவரர் கோயிலில் இராசகம்பீரச் சம்புவராயர் காலத்துக் கல்வெட்டு, திருமலைக் கல்வெட்டுகள், விரிஞ்சிபுரம் கல்வெட்டுகள் ஆகியவை அதில் உள்ளன. விரிஞ்சிபுரத்தில் அவர் படித்த 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று சமூக வரலாற்றில் தனி இடம் பெற்றது. படைவீட்டு இராச்சியத்தைச் சேர்ந்த கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாளர் ஆகிய பிராமணர்கள் கூடி, இனித் திருமணங்களைக் கன்னிகாதானமாகவே நடத்துவதென்றும், பெண்ணுக்காகப் பொன் கொடுப்பவரும் வாங்குபவரும் தண்டனைக்கும் சமூக விலக்குக்கும் உரியவர் என்றும் செய்துகொண்ட உடன்பாடு அது. அடுத்த சில ஆண்டுகளில் ஆம்பூர், கீழ்முட்டுகூர் நடுகற்களையும் ஹுல்ட்ஸ் பதிப்பித்தார்.

அந்தத் தலைமுறையின் உழைப்பு பெரியது. அதன் எல்லையும் தெளிவானது. கல்லைத் துலக்கி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, மை ஒற்றி, காய்ந்ததும் உரித்தெடுப்பார்கள். மைப்படி அலுவலகத்துக்குப் போகும். கல் வெயிலிலேயே நிற்கும். படித்து முடித்த கல்லுக்குப் பிறகு என்ன ஆகிறது என்று பார்ப்பது அந்த அலுவலகத்தின் வேலையாக இருக்கவில்லை.

நாகசாமி 1930 ஆகஸ்ட் 10-இல் ஈரோட்டை அடுத்த கொடுமுடிப் பகுதியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். முனைவர் பட்டம் பின்னாளில் புனே பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 1959-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் கலை, தொல்லியல் பிரிவின் காப்பாட்சியராகச் சேர்ந்தார். சோழர் செப்புத் திருமேனிகளின் ஒப்பற்ற திரட்டு அங்கே இருந்தது. அவற்றை நாள்தோறும் கையாண்ட அனுபவம் கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு வெளிநாட்டு நீதிமன்றத்தில் அவருக்குக் கைகொடுத்தது.

மாநில அரசுக்கென்று ஒரு தொல்லியல் துறை 1961-இல் தொடங்கப்பட்டது. 1963-இல் நாகசாமி அதில் சேர்ந்தார். 1966 முதல் 1988 வரை இயக்குநராக இருந்தார். அவர் பொறுப்பேற்ற 1966-ஆம் ஆண்டில்தான், மாநில அரசு பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்க வழிசெய்யும் சட்டமும் வந்தது. 22 ஆண்டுகள் ஒரே நாற்காலியில் ஒருவர் இருப்பது அரசுத் துறைகளில் அரிது. இயக்குநர்கள் அடிக்கடி மாறியிருந்தால், பல ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து செய்யவேண்டிய கணக்கெடுப்பு எதுவும் நூலாக முடிந்திருக்காது. கொற்கையிலும் கரூரிலும் அகழாய்வு, பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் கோட்டை இருந்த இடத்தில் அகழாய்வு, கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழர் மாளிகையின் தடங்கள், மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் சீரமைப்பு என்று அந்த ஆண்டுகளின் பட்டியல் நீளும். கொற்கையில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 785 என்ற காலக்கணிப்பைத் தந்தது. இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை. ஜவ்வாதுமலை அடிவாரத்துக்கு முக்கியமானது செங்கம் நடுகற்கள்தான்.

நடுகல் என்பது தமிழகத்தில் நூலுக்கும் நிலத்துக்கும் நேரடி உறவுள்ள பொருள். போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று படிப்படியாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. புறநானூறும் அகநானூறும் வழியோரத்து நடுகற்களைக் காட்டுகின்றன. செங்கத்து நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட மலைபடுகடாமும் அவன் நாட்டு வழிகளில் நடுகல் இருந்ததைச் சொல்கிறது. ஆகவே, 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் துறையினர் அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்துச் செங்கம் வட்டத்தில் ஊர் ஊராகத் தேடியபோது, இலக்கியம் சொன்ன நிலத்திலேயே நடுகற்கள் வரிசையாகக் கிடைத்தன.

பெரும்பாலானவை பலகைக் கற்கள். நடுவில் வில்லோ வாளோ குறுவாளோ ஏந்திய வீரன். சிலவற்றில் உடலில் அம்பு தைத்திருக்கும்; காலடியில் கெண்டியும் சிமிழும் இருக்கும். உருவத்தின் மேலும் பக்கத்திலும் வட்டெழுத்தில் சில வரிகள். முதலில் ஆளும் பல்லவ மன்னனின் பெயரும் ஆட்சியாண்டும், பிறகு அப்பகுதித் தலைவன், பிறகு எந்த ஊர் ஆநிரை எப்போது கவரப்பட்டது, கடைசியில் இறந்தவன் பெயர். ஆநிரையைக் கவர்ந்து இறந்தவனுக்கும் கல் உண்டு, மீட்டு இறந்தவனுக்கும் கல் உண்டு. வெட்சி, கரந்தை என்று இலக்கணம் பிரித்த இரு பக்கத்தாரும் ஒரே மரியாதையோடு இங்கே நிற்கிறார்கள்.

இந்தக் கற்களின் மதிப்பு வீரக் கதைகளோடு முடியவில்லை. பல்லவர் வரலாறு அதுவரை பெரிதும் செப்பேடுகளையும் குடைவரைகளையும் கொண்டு எழுதப்பட்டது. தொடக்ககாலப் பல்லவச் செப்பேடுகள் பிராகிருதத்திலும் சமஸ்கிருதத்திலும் அமைந்தவை. மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் பொறித்ததும் சமஸ்கிருதமே. அதே மகேந்திரன் ஆண்ட அதே காலத்தில், மலையடிவாரத்து மாடு மேய்ப்பவர்களும் சிறு தலைவர்களும் தங்கள் சாவைத் தமிழில், வட்டெழுத்தில் பதிந்துகொண்டிருந்தார்கள் என்பதைச் செங்கம் கற்கள் கண்முன் வைத்தன. மத்தவிலாசம் எழுதிய நாடகாசிரியனாகவும் குகைக்கோயில்களின் முன்னோடியாகவும் அறியப்பட்ட மன்னன், இங்கே ஆண்டைக் குறிக்க உதவும் ஒரு பெயராக மட்டும் வருகிறான். அரசனை நடுவில் வைத்து எழுதப்பட்ட வரலாற்றை ஊரிலிருந்து திரும்பிப் பார்க்க இவை வழி திறந்தன.

எடுத்தனூர்க் கல் அவற்றில் பலரும் அறிந்தது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வாணகோ அரைசரின் மருமகனான பொற்றொக்கையாரிடம் இருந்த கருந்தேவக்கத்தி என்பவன் எருமை மந்தையைக் காத்து உயிர்விட்டான். வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியே ஒரு வாசகம் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நாய்க்குப் பெயர் சொல்லிக் கல்வெட்டு எழுதிய சமூகத்தின் மனத்தை வேறெந்த ஆவணமும் இவ்வளவு நெருக்கமாகக் காட்டாது. வரலாற்றாளருக்கு இக்கல் இன்னொன்றையும் தருகிறது: மகேந்திரன் குறைந்தது 34 ஆண்டுகள் ஆண்டிருக்க வேண்டும் என்ற உறுதியான எல்லை. கல் உடைந்து அந்த எண் போயிருந்தால் அந்த எல்லையும் போயிருக்கும்.

1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூல் நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு துறை வெளியீடாக வந்தது. நடுகற்கள் குறித்த கருத்தரங்கின் கட்டுரைகள் 1974-இல் நூலாயின. 1975-இல் தருமபுரிக் கல்வெட்டுகள் வெளிவந்தன. தருமபுரியில் பின்னர் அமைந்த அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் திரட்டி வைக்கப்பட்டன. ஒரு வட்டத்தில் தொடங்கிய தேடல் படிப்படியாக நூலாகவும் காட்சிக்கூடமாகவும் வளர்ந்தது. அந்த வழி பின்வந்தவர்களுக்கும் பயன்பட்டது. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்களைக் கண்டபோது, நடுகல் மரபு பல்லவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்னே சென்றது. அந்தக் கண்டுபிடிப்பின் பொருளை உடனே உணரும் பயிற்சியை நடுகல் ஆய்வுக்குத் தந்தவை செங்கமும் தருமபுரியும்தான்.

நூல் வெளியிடுவதோடு நாகசாமி நிற்கவில்லை. துறையின் சார்பில் கல்வெட்டு, தொல்லியல் பயிற்சி நிறுவனம் 1970-களில் தொடங்கியது. அங்கே வட்டெழுத்தும் கிரந்தமும் தமிழ்பிராமியும் படித்துத் தேர்ந்தவர்கள் பின்னாளில் மாவட்டத் தொல்லியல் அலுவலர்களாகவும் பேராசிரியர்களாகவும் ஆனார்கள். ‘கல்வெட்டு’ காலாண்டிதழ் 1974 முதல் வந்தது. புதிதாகக் கிடைத்த கல்வெட்டின் பாடம் பொதுமக்களும் படிக்கும் தமிழில் அச்சேறியது. ஒரு கல்லைக் காப்பாற்றும் மிக மலிவான வழி, அது என்ன சொல்கிறது என்பதை அந்த ஊருக்கே தெரியப்படுத்துவது. அதை ஒரு துறையின் கொள்கையாகவே அவர் நடத்திக்காட்டினார். 1981-இல் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி தொடங்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. சின்னத்தை வெறும் பார்வைப் பொருளாக விடக்கூடாது என்ற அதே எண்ணத்தின் விளைவு அது.

காவல் வேலையின் உச்சம் இலண்டனில் நடந்தது. 1976-இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணைத் தோண்டிய தொழிலாளி ஒருவருக்குக் கிடைத்த நடராசர் சிலை கைமாறிக் கடத்தப்பட்டு, 1982-இல் கனடாவின் பம்பர் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. இலண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றியதும் வழக்கு எழுந்தது. இது பத்தூர்ச் சிலைதான் என்று நிறுவுவது எளிதாக இல்லை. அதே ஊரில் கிடைத்த மற்றச் செப்புத் திருமேனிகளோடு நடராசரின் பாணியை ஒப்பிட்டும், ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடங்களையும் அறிவியல் முறையில் ஒப்பிட்டும் தமிழகத் தரப்பு வாதிட்டது. வல்லுநர் சாட்சியாக நின்றவர் நாகசாமி. 1988-இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பும் 1991-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பும் தமிழகத்துக்குச் சாதகமாயின. சிலை 1991-இல் நாடு திரும்பியது. காப்பாட்சியராகப் பெற்ற கலையறிவும் இயக்குநராகப் பெற்ற களஅறிவும் ஒருவரிடமே இருந்ததால் கிடைத்த வெற்றி இது. ஆய்வாளர் மட்டுமாக இருந்திருந்தால் அவருக்குக் களத்தின் சான்றுகள் கிட்டியிரா. அலுவலர் மட்டுமாக இருந்திருந்தால் குறுக்கு விசாரணையில் நிலைத்திருக்க முடியாது.

ஓய்வுக்குப் பிறகும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். 2018-இல் பத்மபூஷண் விருது பெற்றார். தமிழ் மரபில் வேத, சமஸ்கிருத மரபுகளின் இடம் குறித்தும் திருக்குறள் குறித்தும் பிற்காலத்தில் அவர் முன்வைத்த கருத்துகள் தமிழறிஞர்களின் கடுமையான மறுப்பைச் சந்தித்தன. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. அதில் எந்தப் பக்கம் நிற்பவரும் செங்கம் நடுகற்கள் நூலைப் பயன்படுத்தாமல் பல்லவர் கால ஊர் வாழ்க்கையைப் பற்றி எழுத முடியாது. 2022 ஜனவரி 23-இல், 91-ஆம் வயதில் அவர் காலமானார்.

அவர் ஓய்வுபெற்ற பிறகும் அடிவாரத்தில் வேலை நடந்தது. 1989-இல் வடஆர்க்காடு பிரிக்கப்பட்டபோது புதிய மாவட்டம் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றே பெயர் பெற்றது. அந்தச் சம்புவராயர்களின் தலைநகராயிருந்த படவேட்டில் மாநிலத் தொல்லியல் துறை 1992–93-இல் அகழாய்வு செய்தது. அங்கே புதர் மண்டிக் கிடந்த கோயில்கள் தனியார் அறக்கொடையின் துணையோடு மீண்டெழுந்தன. யோகராமர் கோயிலுக்கும் மலைமேலுள்ள வேணுகோபாலர் கோயிலுக்கும் இன்று வெளியூரார் வருகிறார்கள். ஜவ்வாதுமலையில் புதிய நடுகற்களையும் கல்வெட்டுகளையும் மாவட்ட வரலாற்று ஆர்வலர்கள் தொடர்ந்து கண்டு அறிவிக்கிறார்கள். கண்டறிவதில் குறை அதிகம் இல்லை. கண்ட பிறகு நடப்பதில்தான் குறை இருக்கிறது. செய்தி நாளிதழில் வருகிறது. சில ஆண்டுகளில் அதே கல் சாலை விரிவாக்கத்தில் புரண்டு கிடக்கிறது, அல்லது பாலத்தின் அடியில் போகிறது.

வழிபாடே நடுகல்லின் முதல் காவல் என்பதை மறுக்க முடியாது. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நடுகல் வீரன் வேடியப்பன் என்ற பெயரில் தெய்வமாக நிற்பதால்தான் பல கற்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளைக் கடந்திருக்கின்றன. ஆனால் எண்ணெய்ப் பூச்சு எழுத்துப் பள்ளங்களை அடைக்கிறது. புதுக் கோயில் கட்டும் ஆர்வத்தில் கல்லின் பாதியைச் சிமெண்ட் மூடிவிடுகிறது. வண்ணப்பூச்சு மிச்சத்தையும் மறைக்கிறது. இவற்றைத் தடியோடு நிற்கும் காவலரால் தடுக்க முடியாது. அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊராருக்குப் படித்துக்காட்டக்கூடிய ஒருவரால்தான் முடியும். அத்தகைய ஒருவர், வனத்துறையின் காட்டுப் பாதைகளையும் தொல்லியல் துறையின் பட்டியலையும் அறநிலையத் துறையின் கோயில்களையும் ஒருசேர அறிந்தவராக, ஜவ்வாதுமலையின் அமிர்திக் காட்டிலிருந்து செங்கம்வரை பொறுப்புடையவராக நியமிக்கப்பட வேண்டும். வனப் பணியாளர் பயிற்சியில் நடுகல், கற்திட்டை, கல்வெட்டு பற்றிய அடிப்படைப் பாடத்தைச் சேர்ப்பது அதற்கு முதற்படி. அதற்குப் பெரும் செலவும் ஆகாது.

அதுவரை இப்பகுதி மக்களும் மலையேறுபவர்களும் செய்யக்கூடியவை உண்டு. எழுத்துள்ள கல்லைக் கண்டால் இடம்பெயர்க்க வேண்டாம். எழுத்து தெரிய வேண்டும் என்று ஆணியாலோ கம்பித் தூரிகையாலோ சுரண்ட வேண்டாம். சுண்ணமும் வண்ணமும் பூச வேண்டாம். வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமும், மாவட்டத் தொல்லியல் அலுவலரிடமோ அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். கல் நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.